புளூட்டோனியத்துக்கும் சேதாரம் உண்டா?

#1 தணிக்கைக்காரன்

நான் விஞ்ஞானி இல்லை. முப்பது வருடமாக அடுத்தவர் கணக்கைப் பார்த்துப் பிழைப்பவன். நூற்பாலை, சர்க்கரை ஆலை, எண்ணெய்க் கிடங்கு என்று மார்ச் கடைசியில் இருப்பு எடுக்கப் போய்ப் போய், எங்கே எடைக்கல்லைக் கண்டாலும் அடியைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

சென்ற வாரம் சர்வதேச அணுசக்தி முகமையின் கலைச்சொல் தொகுப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன். (ஏன் என்று கேட்காதீர்கள். ஓய்வு நாளில் சிலர் குறுக்கெழுத்துப் போடுவார்கள்.) அதில் ஒரு சொல் கண்ணில் தைத்தது: கணக்கில் வராத பொருள். ஆரம்ப இருப்பு, அதோடு வரவு. வெளியே அனுப்பியதைக் கழி. கடைசியில் கையால் எண்ணி எடைபோட்ட இருப்பையும் கழி. மிச்சம் பூஜ்யம் வர வேண்டும். அரிசி ஆலையில் நாங்கள் போடும் அதே கணக்குதான். ஆனால் செறிவூட்டும் ஆலையிலும் (யுரேனியத்தில் குண்டுக்கு உதவும் வகையின் பங்கைக் கூட்டும் இடம்) மறுபதப்படுத்தும் ஆலையிலும் (எரிந்த எரிகோலிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரிக்கும் இடம்) பூஜ்யம் வராது என்று அவர்களே ஒப்புக்கொண்டு, எவ்வளவு வரை பொறுக்கலாம் என்று வரம்பும் வைத்திருக்கிறார்கள்.

அதே தொகுப்பில் இன்னொரு சொல்: குறிப்பிடத்தக்க அளவு. இந்த எடை கையில் இருந்தால் ஒரு குண்டு செய்துவிடும் வாய்ப்பை மறுக்க முடியாது என்பது பொருள். புளூட்டோனியத்துக்கு 8 கிலோ. உயர் செறிவு யுரேனியத்தில் இருக்கும் யுரேனியம் 235 என்றால் 25 கிலோ, ஒரு அரிசி மூட்டை. புளூட்டோனியம் ஈயத்தைவிடப் பெருங்கனம் என்பதால் அந்த 8 கிலோ உலோகம் இரண்டு டம்ளர் கொள்ளும் இடத்தில் அடங்கிவிடும்.

அரிசியில் இவ்வளவு உமியாகப் போயிற்று, இவ்வளவு தூசியாகப் பறந்தது என்று எழுதினால் கையெழுத்துப் போட்டுவிடுவேன். இதில் எப்படிப் போடுகிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பட்டறை வீட்டுப் பிள்ளை

ஐயா, அணு எனக்குத் தெரியாது. சேதாரம் தெரியும். கோயம்புத்தூரில் மூன்று தலைமுறை நகைப்பட்டறை.

நூறு கிராம் கட்டி கொடுத்தால் நூறு கிராம் சங்கிலி வராது. அரம் போட்டால் தூள் பறக்கும், மூசையில் ஒட்டும், மெருகேற்றும்போது தண்ணீரில் போகும், அப்பாவின் வேட்டி மடிப்பில் போகும். அப்பா வேலை முடிந்து எழுந்தால் முதலில் மடியை உதறுவார், பிறகு உள்ளங்கையைத் தட்டுவார், கடைசியில் தலைமுடியையும் ஒரு தட்டு. பட்டறை மண்ணைக் கூட்டி மூட்டையாகக் கட்டி வைத்தால் அதை விலைக்கு வாங்கிப் போய் அரித்துப் பொன் எடுக்க ஆட்கள் உண்டு. பட்டறைத் தெருச் சாக்கடையில் இறங்கி அரிப்பவர்களும் உண்டு. அந்தப் பொன் எங்கேயும் போகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. ஆனால் மாலை ஆறு மணிக்குத் தராசில் நின்று பார்த்தால் அது ‘இல்லை’.

‘தாய்ப் பொன்னிலும் மாப் பொன் எடுப்பான் தட்டான்’ என்று எங்களைக் குத்தும் பழமொழி இருக்கிறது. எனக்குக் கோபம் வரும் பழமொழி. ஆனால் உங்கள் கேள்வி அதில்தான் இருக்கிறது: தரையில் போனதா, மடியில் போனதா என்பதைத் தராசு சொல்லாது.

#3 அளவுமானி

பட்டறைத் தம்பி பாதியைச் சொல்லிவிட்டார். நான் இரசாயன ஆலை ஒன்றில் கருவிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன்.

மறுபதப்படுத்தும் ஆலை என்பது அமிலத் தொட்டிகளும் குழாய்களும்தான். உலையிலிருந்து வந்த எரிகோலை வெட்டி நைட்ரிக் அமிலத்தில் கரைக்கிறார்கள். கரைசலில் எவ்வளவு புளூட்டோனியம் என்று அறிய மூன்று விஷயம் வேண்டும்: தொட்டியில் எவ்வளவு திரவம், அதன் அடர்த்தி எவ்வளவு, எடுத்த மாதிரியில் எத்தனை கிராம். மூன்றிலும் பிழை உண்டு. எங்கள் ஆலையில் ஒரே தொட்டியை ஒரே நாளில் இரண்டு ஷிப்ட் அளந்தால் இரண்டு எண் வரும். யாரும் திருடவில்லை. வெயில் ஏறினால் திரவம் விரியும், நன்றாகக் கலக்காமல் மாதிரி எடுத்தால் அடியில் ஒன்று, மேலே ஒன்று. நாங்கள் நின்று பார்த்துப் பிடிக்கிற தொட்டியிலேயே இந்த நிலை என்றால், கான்கிரீட் சுவருக்கு அப்பால் மனிதனே நுழைய முடியாத அறையில் இருக்கும் தொட்டியை நினைத்துப் பாருங்கள்.

இப்போது எண் போடுங்கள். ஜப்பானின் ரொக்காஷோ ஆலை ஆண்டுக்கு 800 டன் எரிகோலைக் கையாள வடிவமைக்கப்பட்டது. அதில் பிரியும் புளூட்டோனியம் ஏறக்குறைய 8 டன். அளவீட்டில் ஒரே ஒரு சதவீதம் தடுமாற்றம் என்றாலும் 80 கிலோ. தணிக்கைக்காரர் சொன்ன எட்டு கிலோவில் அது பத்து மடங்கு.

எண்ணக்கூடிய பொருளில் இந்தத் தொல்லை கிடையாது. மின் உலையில் எரிகோல்கள் முழுசாக உள்ளே போய் முழுசாக வெளியே வருகின்றன, ஒவ்வொன்றிலும் எண் பொறித்திருக்கிறது, எண்ணினால் போதும். கரைக்கிற இடத்திலும் அரைக்கிற இடத்திலும் வாயுவாக்குகிற இடத்திலும்தான் தலைவலி.

#4 தணிக்கைக்காரன்

அளவுமானி ஐயா, அந்த 80 கிலோ படித்ததும் தேநீர் ஆறிவிட்டது.

ஒரு சந்தேகம். வேறுபாடு எப்போதும் குறைவாகத்தான் வருமா? கூடுதலாகவும் வருமா?

#5 அளவுமானி

வரும். அளவீட்டுப் பிழை இரு பக்கமும் சாயும். சில ஆண்டு இருக்க வேண்டியதைவிட அதிகம் இருப்பதாகக் கணக்கு காட்டும். எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் கவலை.

#6 தணிக்கைக்காரன்

எங்கள் தொழிலில் பைசா சுத்தமாகப் பொருந்தும் இருப்புக் கணக்கைப் பார்த்தால்தான் முதலில் சந்தேகம் வரும். யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இங்கேயும் அதுவே போலிருக்கிறது.

#7 கேள்விக்குறி

மன்னிக்கவும், எல்லோரும் கிராம் கணக்கில் மூழ்கிவிட்டீர்கள். அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா ஐந்தும் 1970இல் அமலுக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் ‘ஆயுத நாடு’ என்று பட்டம் வாங்கிக்கொண்டன. அவற்றின் இராணுவக் கிடங்கை எந்த ஆய்வாளரும் எண்ணுவதில்லை. உலகத்தில் குண்டுக்கு நேரடியாக உதவும் பொருளில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. ஊர்ப் பணக்காரன் வீட்டுப் பத்தாயத்தை விட்டுவிட்டுக் கூலிக்காரன் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பார்ப்பதற்குப் பெயர் தணிக்கையா?

#8 கரும்பலகை

கேள்விக்குறி, நீங்கள் சொல்வது உண்மை. அதை மழுப்ப மாட்டேன். இருபது வருடமாகப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன், ஒப்பந்தம் சமமானது என்று ஒரு மாணவனிடம்கூட நான் சொன்னதில்லை.

ஆனால் இந்த இழையில் இரண்டு வேலைகள் கலந்து கிடக்கின்றன, முதலில் அதைப் பிரிப்போம். ஒன்று காவல்: வேலி, துப்பாக்கி, கதவு, கேமரா. திருடன் வராமல் பார்ப்பது. இது அந்தந்த நாட்டின் பொறுப்பு. 1980இல் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட உடன்படிக்கை ஒன்று பெரும்பாலும் நாடு விட்டு நாடு கொண்டுபோகும்போது இருக்க வேண்டிய காவலைப் பற்றித்தான் பேசியது. உள்நாட்டுக் கிடங்குகளையும் சேர்க்கும் திருத்தம் 2005இல் ஏற்கப்பட்டு 2016இல்தான் நடைமுறைக்கு வந்தது.

இரண்டாவது கண்காணிப்பு. முகமையின் தலைமையகம் இருக்கும் வியன்னாவிலிருந்து வரும் ஆய்வாளர் திருடனைத் தேடி வருவதில்லை. வீட்டுக்காரரே எடுத்தாரா என்று பார்க்க வருகிறார். அரசாங்கமே தன் ஆலையிலிருந்து பொருளை ஒதுக்கி ஆயுதம் செய்கிறதா என்பதே அவர் கேள்வி. வேலியே பயிரை மேய்கிறதா என்று பார்ப்பவர் வேலிக்குச் சம்பளம் வாங்குபவராக இருக்க முடியாது. அதனால்தான் வெளியாள்.

ஆய்வாளரிடம் துப்பாக்கி கிடையாது. முத்திரை, கேமரா, தூசைத் துடைத்தெடுக்கப் பஞ்சுத் துணி. அவ்வளவுதான்.

#9 பட்டறை வீட்டுப் பிள்ளை

டீச்சர், முத்திரை என்றால் அரக்கா?

#10 கரும்பலகை

சிரிக்க வேண்டாம், தத்துவம் அரக்கு முத்திரையுடையதுதான். முகமை பல பத்தாண்டுகள் பயன்படுத்திய உலோக முத்திரை சோடா பாட்டில் மூடி அளவில் இரண்டு துண்டு. கலனின் மூடியில் கம்பியைக் கோத்து, முனைகளை இந்த மூடிக்குள் முடிந்து அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். உடைக்காமல் திறக்க முடியாது.

உடைத்துவிட்டு அதே போல் இன்னொன்று வைத்தால்? அங்கேதான் அழகு. அனுப்புவதற்கு முன்பே மூடியின் உட்புறத்தில் தாறுமாறாகக் கீறிவிட்டு, அந்தக் கீறல்களைப் படம் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு மூடிக்கு ஒரே கீறல் இருக்காது. ஆய்வாளர் திரும்பிப் போகும்போது பழைய முத்திரையைக் கழற்றி வியன்னாவுக்குக் கொண்டுபோவார். அங்கே படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கைரேகை பார்ப்பது போல. இப்போது ஒளியிழை முத்திரை, மின்னணு முத்திரை எல்லாம் வந்துவிட்டன. எனக்கு அந்தக் கீறல்தான் பிடிக்கும். மாணவர்களிடம் பழைய டப்பா மூடியில் ஆணியால் கீறிக் காட்டுவேன்.

எரிகோல் குளத்தில் இன்னொரு வித்தை. உலையிலிருந்து எடுத்த கோல்கள் தண்ணீருக்கடியில் நீலமாக ஒளிரும், செரன்கோவ் ஒளி. ஆய்வாளர் குளத்துக்கு மேலே பாலத்தில் நின்று, அதற்கென்று செய்த கருவியால் நேர்மேலிருந்து பார்ப்பார். எரிந்த கோல் என்றால் அதற்குரிய வடிவில் ஒளிரும். எடுத்துவிட்டு இரும்புக் கம்பியைச் செருகி வைத்திருந்தால் காட்டிக் கொடுத்துவிடும்.

#11 ஊடுகதிர்

இதையெல்லாம்விட எனக்குப் பயம் மருத்துவமனைகளிலும் கல்லூரிகளிலும் கிடக்கும் கதிர்மூலங்கள் மேல்தான். புற்றுநோய்க் கதிர்ச்சிகிச்சைப் பிரிவில் இருப்பவன் சொல்கிறேன். 2010இல் டெல்லி மாயாபுரி நினைவிருக்கிறதா? டெல்லி பல்கலைக்கழக வேதியியல் துறையில் பல வருடம் சும்மா கிடந்த கோபால்ட் 60 கருவியைப் பழைய இரும்பாக ஏலம் விட்டார்கள். பழைய இரும்புக் கடையில் பிரித்தார்கள். ஒருவர் இறந்தார், பலருக்கு உடம்பு வெந்தது. 1987இல் பிரேசிலின் கோயானியா நகரத்தில், கைவிடப்பட்ட மருத்துவமனையிலிருந்து சீசியம் 137 மூலத்தை எடுத்துப் போய் உடைத்ததில் நான்கு பேர் போனார்கள். நீலமாக மின்னியதால் குழந்தைகள் கையில் பூசி விளையாடியிருக்கிறார்கள். இதில் குண்டு செய்ய முடியாது என்பதால் நீங்கள் பேசும் எட்டு கிலோக் கணக்கில் இவை வரவே வராது.

#12 நெறியாளர்

ஊடுகதிர், இது தனி இழைக்குரிய விஷயம்; தொடங்குங்கள், இங்கிருந்து இணைப்புக் கொடுக்கிறோம். இங்கே கணக்கு விஷயத்தோடு நிற்போம்.

#13 கடலோரம்

நான் சதுரங்கப்பட்டினத்துக்காரன், கல்பாக்கத்தின் சுவரைப் பார்த்தே வளர்ந்தவன். வியன்னா ஆட்கள் எங்கள் ஊருக்கு வருகிறார்களா?

#14 அளவுமானி

கூடங்குளத்துக்கு வருவார்கள், கல்பாக்கத்துக்கு இல்லை. இந்தியா பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. அமெரிக்காவோடு உடன்பாடு வந்தபோது 2006இல் உலைகளைச் சிவில், இராணுவம் என்று பிரித்து, அப்போதிருந்தவையும் கட்டிக்கொண்டிருந்தவையுமான 22 மின் உலைகளில் 14ஐக் கண்காணிப்புக்குக் கொடுப்பதாகச் சொன்னது. முகமையோடு 2009இல் ஒப்பந்தம். கூடங்குளம் ரஷ்ய உலை, அதனால் பட்டியலுக்குள். தாராப்பூரின் முதல் இரண்டு உலைகள் அமெரிக்கா கொடுத்தவை, தொடக்கத்திலிருந்தே உள்ளே. கல்பாக்கத்தின் இரண்டு சென்னை உலைகளும் வேக ஈனுலையும் வெளியே. அங்கே கணக்கு இருக்கிறது, காவலும் இருக்கிறது. வெளியாள் எண்ணுவதில்லை என்பதுதான் வேறுபாடு.

#15 கடலோரம்

கூடங்குளத்தைக் கணினி வழியாகக் கைப்பற்றிவிட்டார்கள் என்று 2019இல் ஒரே அமர்க்களமாக இருந்ததே?

#16 அளவுமானி

கைப்பற்றவில்லை. நிர்வாக வேலைக்கான வலைப்பின்னலில் இருந்த ஒரு கணினியில் தீநிரல் புகுந்தது. முதல் நாள் மறுத்தார்கள், மறுநாள் ஒப்புக்கொண்டார்கள். உலையை இயக்கும் அமைப்பு அதோடு இணைக்கப்பட்டதல்ல. மறுத்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

#17 தணிக்கைக்காரன்

என் கேள்விக்கு வருகிறேன். இந்த ‘கணக்கில் வராத’ சந்துக்குள் உண்மையிலேயே யாராவது புகுந்து எடுத்திருக்கிறார்களா? அல்லது இது காகிதப் பயம்தானா?

#18 கரும்பலகை

எடுத்திருக்கிறார். ரஷ்யா, மாஸ்கோவுக்கு அருகே பொடோல்ஸ்க், 1992.

லூச் என்ற ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒரு வேதிப்பொறியாளர். சோவியத் ஒன்றியம் கலைந்து விலைவாசி மாதத்துக்கு மாதம் தாவிக்கொண்டிருந்த வருடம். சம்பளம் கையில் வரும்போதே செல்லாக்காசாகிக்கொண்டிருந்தது. அவர் வேலை செய்த இடத்தில் 90 சதவீதம் செறிவூட்டிய யுரேனியம். ஒவ்வொரு தொகுதியிலும் இத்தனை சதவீதம் வீணாகலாம் என்று விதி. இவர் கைதேர்ந்தவர், அனுமதித்ததைவிடக் குறைவாகத்தான் வீணாக்குவார். விதி கொடுத்த இழப்புக்கும் தன் கைப்பக்குவத்துக்கும் நடுவே மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுபோனார். ஒரு தடவைக்கு சில பத்துக் கிராம். மே முதல் செப்டம்பர் வரை இருபது தடவைக்கு மேல். மொத்தம் சுமார் ஒன்றரைக் கிலோ, வீட்டுப் பால்கனியில்.

நிறுவனத்தின் கணக்கில் ஒரு கிராம் குறையவில்லை. வாசலில் கதிர்வீச்சு உணரும் கருவி இல்லை. வேலி அறுபடவில்லை, பூட்டு உடையவில்லை.

பிடிபட்டது எப்படி தெரியுமா? விற்பதற்கு ஆள் தேடி மாஸ்கோவுக்குப் புறப்பட்டு ரயில் நிலையத்தில் நின்றார். கூட நின்ற அக்கம்பக்கத்தார் தங்கள் தொழிற்சாலையில் பேட்டரி திருடியவர்கள். போலீஸ் பேட்டரித் திருடர்களைப் பிடிக்க வந்தது. இவர் பையையும் திறந்தார்கள். விசாரணையில் அவர் சொன்ன தேவை: ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு காஸ் அடுப்பு.

#19 பட்டறை வீட்டுப் பிள்ளை

டீச்சர், இதைப் படித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பட்டறையில் இதற்குப் பெயரே இருக்கிறது. ‘சேதாரத்தில் உட்காருவது’ என்பார் தாத்தா. சேதாரம் எட்டு சதவீதம் என்று பேசிக்கொண்டு ஐந்தில் முடிப்பவன் திருடனா, திறமைசாலியா? எங்கள் தொழிலில் அது கூலியோடு சேர்ந்த லாபம், யாரும் போலீஸுக்குப் போவதில்லை. அங்கே அதே மூன்று சதவீதம் குண்டுக்கான சரக்கு.

#20 தணிக்கைக்காரன்

ஆக அனுமதித்த இழப்பு என்பது ஒரு அளவீடு அல்ல, ஒரு பட்ஜெட். பட்ஜெட் இருந்தால் அதைச் செலவழிக்க ஆள் வருவான். நான் இதை நூற்பாலையில் கழிவுப்பஞ்சுக் கணக்கில் பார்த்திருக்கிறேன். ஆலைப் பெயர் வேண்டாம். கழிவு 14 சதவீதம் என்று நிர்வாகம் நிர்ணயித்திருந்தது. பத்து வருடமும் 13.9, 14, 13.8. புதிய இயந்திரம் வந்த வருடமும் 14. பஞ்சு எங்கே போனது என்று தெரிந்தபோது மேற்பார்வையாளர் ஒருவர் வீடு கட்டி முடித்திருந்தார்.

#21 கேள்விக்குறி

சரி, சின்ன மனிதர் மாட்டினார். நாடுகள்?

#22 கரும்பலகை

வட கொரியா. 1992இல் முதல் கணக்கைக் கொடுத்தபோது, 1990இல் ஒரே முறை, சுமார் 90 கிராம் புளூட்டோனியம் மட்டும் பிரித்தோம் என்றது. ஆய்வாளர்கள் துடைப்பு மாதிரிகளும் கழிவு மாதிரிகளும் எடுத்தார்கள்.

புளூட்டோனியத்துக்கு வயது சொல்லும் குணம் உண்டு. அதிலிருக்கும் புளூட்டோனியம் 241 மெல்ல மெல்ல அமெரிசியம் 241ஆக மாறும். 14 வருடத்தில் பாதி. பிரித்தெடுக்கும் நாளில் அமெரிசியம் கழுவிப் போய்விடும், அன்றிலிருந்து மறுபடி முளைக்கும். எவ்வளவு முளைத்திருக்கிறது என்று பார்த்தால் என்று பிரித்தார்கள் என்று சொல்லிவிடலாம். ஒரே முறை என்றால் ஒரே வயது இருக்க வேண்டும். மூன்று வயது தெரிந்தது: 1989, 1990, 1991. அந்தக் கழிவும் இந்தப் புளூட்டோனியமும் ஒரே குடும்பமில்லை என்பதும் தெரிந்தது. சிறப்புச் சோதனை வேண்டும் என்று முகமை கேட்டது. 1993 மார்ச்சில், ஒப்பந்தத்திலிருந்தே விலகப் போகிறோம் என்று வட கொரியா அறிவித்தது. கணக்கைக் கேட்டால் கடையை மூடிவிட்டார்கள்.

ஈரான் கதை இதற்குத் தங்கை. 2003இல் தெஹ்ரானில் கலாயே என்ற பட்டறையில் துடைத்துப் பார்க்க முகமை கேட்டது. முதலில் இழுத்தடித்தார்கள்; ஆகஸ்டில் உள்ளே விட்டபோது இடம் புதுப்பிக்கப்பட்டுப் பளபளவென்று இருந்தது. ஆய்வாளர்கள் உள்ளங்கையளவு பஞ்சுத் துணியால் துடைத்து எடுத்துப் போனார்கள். அதில் செறிவூட்டிய யுரேனியத் துகள் ஒட்டியிருந்தது. இயந்திர பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வாங்கியவை, அவற்றோடு வந்த தூசு என்றது ஈரான். பாகிஸ்தான் கொடுத்த பாகங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, உயர் செறிவுத் துகள்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் அது சரிதான் என்ற முடிவுக்கு முகமை 2005இல் வந்தது. கவனியுங்கள், அதே துணி குற்றம் சாட்டவும் உதவியது, ஒரு பகுதி குற்றச்சாட்டைத் தளர்த்தவும் உதவியது.

#23 பட்டறை வீட்டுப் பிள்ளை

தரையை எவ்வளவு கழுவினாலும் மண்ணில் பொன் இருக்கும் டீச்சர். பட்டறையை விற்றுவிட்டு வேறு ஊர் போகிறவர்கள் தரையைப் பெயர்த்து எடுத்துப் போவார்கள்.

#24 கேள்விக்குறி

இதே ஆட்கள் ஈராக்கைக் கோட்டை விட்டார்களே. 1991க்கு முன்பு வரை டுவைதா அணு ஆராய்ச்சி மையத்துக்கு வந்து, காட்டிய பொருளை எண்ணி, ‘சரி’ என்று எழுதிவிட்டுப் போனவர்கள்தானே?

#25 கரும்பலகை

ஆமாம். அறிவித்த பொருளை எண்ணினார்கள், எண்ணிக்கை சரியாகவே இருந்தது. அறிவிக்காததைத் தேடிப் போகும் நடைமுறை அப்போது இல்லை. 1991 வளைகுடாப் போருக்குப் பிறகுதான் ஈராக்கின் ரகசிய முயற்சி முழுசாக வெளியே வந்தது. அந்த அவமானத்திலிருந்து பிறந்ததுதான் 1997இன் கூடுதல் நெறிமுறை: அறிவிக்காத இடத்துக்கும் போகலாம், சுற்றுப்புறத்தில் துடைக்கலாம், யுரேனியச் சுரங்கம் முதல் குப்பை வரை கேட்கலாம். நாடு கையெழுத்திட்டால் மட்டும்.

#26 அளவுமானி

கணக்கு திருடனை மட்டும் பிடிப்பதில்லை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த விபத்து. (விபத்தில் பிடித்தது என்ன என்று வீட்டில் கேட்பார்கள்.)

இங்கிலாந்தின் செல்லஃபீல்டில் தார்ப் என்ற மறுபதப்படுத்தும் ஆலை. 2005 ஏப்ரலில், கரைசல் வரும் குழாய் ஒன்று அறுந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதற்குள் 83 கன மீட்டர் கரைசல் கீழே கொட்டியிருந்தது. அதில் ஏறக்குறைய 20 டன் யுரேனியம், 160 கிலோ புளூட்டோனியம். எட்டு எட்டாக வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கசிவு மாதக்கணக்கில் நடந்திருக்கிறது. எல்லாம் துருப்பிடிக்காத எஃகு பதித்த மூடிய அறைக்குள்ளேயே நின்றது, வெளியே ஒரு சொட்டு வரவில்லை, யாருக்கும் காயமில்லை. பிறகு உறிஞ்சி எடுத்துவிட்டார்கள். அரை மில்லியன் பவுண்டு அபராதம்.

அறிகுறிகள் முன்பே தென்பட்டன, கருவி தவறு என்று தள்ளிவிட்டார்கள். இந்த மனநோய் எனக்குத் தெரியும். நானும் அப்படித் தள்ளியிருக்கிறேன். கடைசியில் கணக்குப் பிரிவு, ‘உள்ளே வந்ததாகச் சொல்லும் பொருளும் தொட்டியில் அளந்ததும் பொருந்தவில்லை’ என்று சொன்ன பிறகே கேமராவை இறக்கிப் பார்த்தார்கள்.

வேடிக்கை என்ன தெரியுமா? அறுந்தது கணக்குத் தொட்டிக்குப் போகும் குழாய். எடை போடுவதற்காக அந்தத் தொட்டியைத் தொங்கவிட்டிருந்தார்கள். தொங்கியதால் ஆடியது, ஆடி ஆடிக் குழாய் களைத்து அறுந்தது. எடை போட வைத்த ஏற்பாடே கசிவுக்கு வழி வைத்தது; எடைக் கணக்கே கசிவைக் காட்டிக் கொடுத்தது.

#27 தணிக்கைக்காரன்

இதை நான் இளையவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது கண்டிப்பாகச் சொல்லப் போகிறேன்.

#28 பட்டறை வீட்டுப் பிள்ளை

எங்கள் பட்டறை மண் மாதிரி அங்கேயும் மண் உண்டா? தரையில் ஒட்டினது, மூசையில் ஒட்டினது?

#29 அளவுமானி

உண்டு தம்பி, அதற்கும் ஜப்பான்தான் உதாரணம். டோக்காய் கிராமத்தில் புளூட்டோனியம் எரிபொருள் செய்யும் ஆலை. எல்லாம் தானியங்கி, கையுறைப் பெட்டிகளுக்குள் வேலை. மாவு மில்லில் சுவரெல்லாம் மாவு படியுமே, அதுபோல் பெட்டிகளுக்குள் தூள் படிந்துகொண்டே போனது. 1994இல் செய்தி வெளியானபோது அப்படிப் படிந்தது சுமார் 70 கிலோ. யாரும் எடுக்கவில்லை, அங்கேதான் இருக்கிறது என்றார்கள். சரி, அங்கேதான் இருக்கிறது என்பதை எப்படி நிரூபிப்பது? பிறகு பெட்டிகளைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று.

அதே ஊரின் மறுபதப்படுத்தும் ஆலையில் 2003இல் இன்னொன்று: கால் நூற்றாண்டு கணக்கைக் கூட்டிப் பார்த்தால் 206 கிலோ புளூட்டோனியம் இடித்தது. கழிவில் போனது, உலையில் உருவானதாக மதிப்பிட்டதே கூடுதல் என்றெல்லாம் விளக்கிக் குறைத்தார்கள். திருட்டு என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஜப்பானைவிட ஒழுங்காக ஆய்வாளர்களை உள்ளே விடும் நாடு அரிது. அங்கேயே இப்படி.

#30 கேள்விக்குறி

ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கிராம் கணக்கில் சுவாரசியம் இருக்கிறது. ஆனால் குண்டு போட்டுக் கணக்குப் புத்தகத்தையே கொளுத்தினால்? 2025 ஜூனில் ஈரானின் நடான்ஸ், ஃபோர்டோ, இஸ்ஃபகான் மூன்றும் தாக்கப்பட்டன. அதற்கு முன் முகமையின் கணக்குப்படி அங்கே 60 சதவீதம் செறிவூட்டியது 440 கிலோ. தாக்கியவர்கள் குண்டைத் தடுத்தோம் என்கிறார்கள். தாக்குதலுக்கு அப்புறம் அந்த இடங்களுக்கு ஆய்வாளர்களை விடாமல் நிறுத்திவிட்டது ஈரான். முன்பு எண்ணிய பொருள், பிறகு எண்ண முடியாத பொருள். எது பாதுகாப்பு?

#31 கரும்பலகை

இதற்கு நான் வாதாட மாட்டேன். ‘அறிவின் தொடர்ச்சி’ என்று ஆய்வாளர்கள் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். நேற்று பார்த்தேன், இன்று பார்க்கிறேன், நடுவில் கேமரா பார்த்தது. இந்தச் சங்கிலி ஒரு கண்ணி அறுந்தால், மறுபடி எல்லாவற்றையும் புதிதாக எண்ண வேண்டும். 2022 ஜூனிலேயே ஈரான் முகமையின் 27 கேமராக்களை அகற்றியிருந்தது. அதிலேயே சங்கிலி பாதி அறுந்துவிட்டது.

தொலைந்த சங்கிலியை மறுபடி கட்டிய உதாரணம் ஒன்றுதான் மனதில் நிற்கிறது. தென்னாப்பிரிக்கா ஆறு குண்டுகள் செய்து, தானாகவே பிரித்து, 1991இல் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. குண்டு செய்தோம் என்று 1993இல்தான் அதிபர் டி கிளெர்க் பாராளுமன்றத்தில் சொன்னார். ஆய்வாளர்கள் செறிவூட்டும் ஆலையின் பழைய தினசரிப் பதிவேடுகளை உட்கார்ந்து படித்து, அன்றன்று எவ்வளவு செய்திருக்க முடியும் என்று கூட்டிப் பார்த்தார்கள். தணிக்கைக்காரர் சார் வேலைதான் முழுக்க. அது நடந்ததற்குக் காரணம், தென்னாப்பிரிக்கா கதவைத் திறந்து வைத்ததுதான்.

#32 தணிக்கைக்காரன்

பழைய பேரேடு கிடைத்தால் நானும் எதையும் கட்டிவிடுவேன் டீச்சர். பேரேடு தரமாட்டேன் என்பவரிடம்தான் என் வித்தை பலிக்காது.

#33 கடலோரம்

காவல் பக்கம் யாரும் பேசவே இல்லை. அமெரிக்காவில் ஒரு கன்னியாஸ்திரீ உள்ளே போய்விட்டார் என்று படித்தேன், உண்மையா?

#34 அளவுமானி

உண்மை. 2012 ஜூலை, டென்னசியின் ஓக் ரிட்ஜ், ஒய்-12 என்ற அணு ஆயுத ஆலை. அணு ஆயுதத்தை எதிர்த்த மேகன் ரைஸ், வயது 82, இரண்டு சகாக்கள். வேலிகளை வெட்டிக்கொண்டு உயர் செறிவு யுரேனியக் கிடங்கின் சுவர் வரை போய், வாசகம் எழுதி, இரத்தம் தெளித்து, வந்த காவலருக்கு ரொட்டி நீட்டினார்கள். கேமரா சில வேலை செய்யவில்லை, எச்சரிக்கை மணி அடிக்கடி சும்மா அடித்து எல்லோருக்கும் பழகிப் போயிருந்தது. அங்கேயும் ‘கருவி தவறு’தான்.

வேலி அறுந்த இடத்தில் ஒரு கிராம் போகவில்லை. பொடோல்ஸ்கில் வேலி அப்படியே நின்றது, ஒன்றரைக் கிலோ போயிற்று.

#35 பட்டறை வீட்டுப் பிள்ளை

நேற்று இரவு சாப்பிடும்போது அப்பாவுக்கு இந்த இழையைப் படித்துக் காட்டினேன். எண்பது வயது, இன்னும் கண்ணாடி இல்லாமல் குன்றிமணி எடை பார்ப்பார். பொடோல்ஸ்க் கதையை இரண்டு தடவை கேட்டார். அவர் காலத்தில் கடைச் சரக்கு பட்டறைக்கு வந்தால் கடையின் கணக்குப்பிள்ளை ஒருவர், பட்டறை ஆள் ஒருவர், இருவரும் தராசு முள்ளைப் பார்த்துத் தலையாட்டினால்தான் எடை எழுதுவார்களாம். வேலை நடக்கும்போதும் தனி ஆளை விட்டுவிட்டுக் கதவைச் சாத்த மாட்டார்களாம்.

#36 கரும்பலகை

அப்பாவிடம் சொல்லுங்கள், இப்போது அணுக் கிடங்குகளிலும் அதுவே விதி. அந்தப் பொருள் இருக்கும் அறையில் ஒருவர் தனியாக இருக்கக் கூடாது; ஒருவர் கண்ணில் மற்றவர் பட வேண்டும். 90களின் நடுவிலிருந்து அமெரிக்கப் பணத்தில் ரஷ்ய ஆலைகளுக்கு வாசல் உணர்கருவிகளும் தராசுகளும் கணினிக் கணக்கும் போட்டுக் கொடுத்தார்கள்.

#37 பட்டறை வீட்டுப் பிள்ளை

சொன்னேன் டீச்சர். தலையாட்டினார். பிறகு, ‘அந்த ஆள் ஃப்ரிட்ஜ் வாங்கினானா?’ என்று கேட்டார். விற்கும் முன்பே பிடிபட்டுவிட்டார், சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டார்கள் என்றேன்.

‘பாவம்’ என்று சொல்லிவிட்டுத் தராசுத் தட்டைத் துடைக்கப் போய்விட்டார்.